தாளம் பிடிக்கும் கை

காலபோக நெல் வீடு வந்து சேர்ந்த பிறகுதான் கிளிநொச்சியின் அக்கராயன் பக்கம் காத்தவராயன் கூத்துப் பழக்கம் சூடுபிடிக்கும். அதுவரை காத்தவராயனாக ஆடுபவர் வயலில் நிற்பார். அவன் காதலி ஆரியப்பூமாலையாக ஆடுபவர் உழவு மெசின் ஓட்டுவார். குளத்துக்குக் கிட்ட, ஓர் அம்மன் கோயில் மடத்தில் இரவுப் பழக்கம் நடக்கிறது என்று கேள்விப்பட்டு, கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியாரைப் பார்க்கவென்றே போனேன்.

ஆர்மோனியம், மிருதங்கம், உடுக்கு, பிற்பாட்டுக்காரர் நாலைந்து பேர். நடுவில் தாளத்தோடு அண்ணாவியார். வரவுப் பாட்டில் ஒரு பொடியன் இரண்டாம் அடியை விழுங்கிவிட்டான். அண்ணாவியார் பாட்டை நிறுத்தவில்லை. தாளத்தை ஒருமுறை அழுத்தித் தட்டினார். பிற்பாட்டுக்காரர் உடனே முதலடியைத் திரும்ப எடுத்தார்கள். பொடியன் ஒரு சுற்று நடந்து வருவதற்குள் அடுத்த அடியின் முதற்சொல்லை அவன் காதில் விழும்படி எடுத்துக் கொடுத்தார். மடத்துத் திண்ணையில் இருந்த சனத்துக்குப் பிழை நடந்ததே தெரியாது.

"நிப்பாட்டினா அவனுக்குப் பயம் வந்திடும் தம்பி. பயம் வந்தா சுருதி போயிடும். பிறகு விடியுமட்டும் பிடிக்கேலாது" என்றார் பிறகு.

மேற்கத்திய சேர்ந்திசைக் குழுவை நடத்துபவரின் முன்னால் எழுதிய இசை இருக்கும். எத்தனை தாளக்கட்டு, எந்த வாத்தியம் எங்கே நுழையும் என்பதெல்லாம் அதில் உண்டு. 2025 மார்ச் 8 இல் லண்டனில் இளையராஜாவின் சிம்பொனி அரங்கேறியபோது எழுதியவர் அவர், குழுவை நடத்தியவர் மிக்கெல் டொம்ஸ். அக்கராயனில் இந்த வேலைகள் பிரிபடவில்லை. ஆளுக்கேற்ற பாத்திரத்தைத் தெரிவதும், குரலுக்கேற்றபடி மெட்டை இறக்குவதும், ஆட்டம் பழக்குவதும், மேடையில் எல்லாரையும் கட்டி நடத்துவதும் ஒரே ஆள்.

சுருதி வைப்பதில் அவர் காட்டிய கவனம் என்னை அசத்தியது. காத்தவராயனின் முதற்பகுதியை ஆடும் ஆதிகாத்தானுக்குக் குரல் உடைகிற வயது. அவனால் எட்ட முடிந்த உச்சியை முதலில் பார்த்துவிட்டு, அதற்குக் கீழே கட்டையைத் தீர்மானித்தார். அடுத்த பகுதியை ஆடும், நன்றாகப் பாடுகிற நடுக்காத்தானுக்கு இது குறைதான். "அவன் சமாளிப்பான். ஏலாதவனுக்குத்தான் சுருதி வைக்கோணும்." ஒலிபெருக்கி வராத காலத்தில் கடைசி வரிசைச் சனத்துக்கும் கேட்க வேண்டுமென்று எல்லாரும் உச்சத்தில் பாடினார்கள். இன்று அந்தக் கட்டாயம் இல்லாததால் பலவீனமான குரலையும் சேர்த்துக்கொள்ள முடிகிறது. ஒலிபெருக்கி கூத்தைக் கெடுத்தது என்று சொல்பவர்களோடு இந்த ஓர் இடத்தில் நான் உடன்படமாட்டேன்.

அவருடைய தொழிலின் உச்சம் கழுமரக் கட்டம். விடியப்போகும் நேரத்தில் காத்தவராயன் கழுவேறுகிறான். ஏறுபவருக்கு அன்று உடம்பு எப்படி, நேர்த்திக்காக வந்திருக்கும் சனம் எப்படிக் கும்பிடுகிறது, யாருக்காவது கலை வந்து ஆடுகிறார்களா என்பதைப் பொறுத்து அந்தக் கட்டம் நீளும், குறுகும். ஏறுபவர் ஒரு படியில் நின்று மூச்சு வாங்கினால் பாட்டும் அங்கேயே நின்று சுழல வேண்டும். அடுத்த அடிக்குப் போகவும் கூடாது, தொய்யவும் கூடாது. பழக்கத்தில் ஒரு வாங்கின்மேல் ஆளை ஏற்றிவைத்து இதைத் திரும்பத் திரும்பச் செய்தார்கள். அண்ணாவியாரின் கண் ஏறுபவரின் நெஞ்சுக்கூட்டை விட்டு அகலவில்லை. அண்ணாவியாரின் நாடி உயர்ந்தால் உடுக்கு எழும்புகிறது, தாழ்ந்தால் மிருதங்கம் மட்டும் நடக்கிறது.

சின்ன வயதில் பிற்பாட்டுப் பாடத் தொடங்கியவர் இவர். தாளம் பிடித்தவர் ஒருநாள் வரமுடியாமல் போக, கை மாறியது. இப்படித்தான் 1886 இல் ரியோ டி ஜெனீரோவில் செல்லோ வாசித்துக்கொண்டிருந்த 19 வயது ஆர்த்துரோ டொஸ்கானினி, நடத்த ஆளில்லாத ஓர் இரவில் ‘ஐடா’ ஒப்பேராவை மனப்பாடமாக நடத்தியே இத்துறைக்குள் வந்தார். அவருக்குக் கண்பார்வை குறைவு; அதனால் எல்லாவற்றையும் நெஞ்சில் ஏற்றி வைத்திருந்தார். அக்கராயன் அண்ணாவியாருக்கு நெஞ்சில் ஏற்றவேண்டி வந்த காரணம் வேறு. 2008 இல் ஊர் இடம்பெயர்ந்தபோது எடுத்துக்கொண்டு போன கொப்பிகள் வழியில் போய்விட்டன. மீளக்குடியேறிய பிறகு, நினைவில் நின்றதை அவர் பாட, பிற்பாட்டுக்காரரின் மகள் புதுக் கொப்பியில் எழுதினாள். சொல் மறந்த இடத்தில் நடந்து பார்ப்பாராம். காலடி வந்தால் சொல் வந்துவிடும்.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962 இல் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 'கர்ணன் போர்' கூத்தை மேடையேற்றியபோது, விடியவிடிய ஆடுவதைச் சுருக்கினார். ஆனால் மாணவர்களுக்கு ஆட்டமும் பாட்டும் பழக்கக் கிராமத்து அண்ணாவியாரையே அழைத்தார். அந்த முடிவைப் பெரிதாக மதிக்கிறேன். இன்று போட்டிகளுக்கு அரை மணித்தியாலத்தில் கூத்துக் கேட்கிறார்கள். வெட்டிக் கொடுக்கலாம், கழுமரத்தில் காத்திருக்கப் பழகிய காது அதில் வளராது.

மாதக்கணக்கில் பழக்குவதற்குக் கூலி பேசுவதில்லை. அரங்கேற்றத்தன்று சால்வையும் வெற்றிலையில் வைத்த அன்பளிப்பும் கிடைக்கும். தனக்குப் பிறகு தாளம் யாரிடம் போகும் என்று கேட்டேன். கொப்பி எழுதியவளைக் காட்டினார். இப்போது அவள் படிப்பிக்கிற பிள்ளை, மெட்டெல்லாம் பாடம். தகப்பன் வயதுக்காரர் அவள் தாளத்துக்கு ஆடச் சம்மதிக்க வேண்டுமே என்பதுதான் பேச்சாக இருந்தது. பேசி முடித்துவிட்டார்கள். வருகிற பங்குனியில் ஆதிகாத்தான் உள்ளே போகும்வரை அவள் நடத்துவாள். அதற்குப் பிறகு இவர்.