ஊரப்பாக்கம் டு ஊரப்பாக்கம்: கெண்டைக்கால் பிடிக்காமல் 100 கிலோமீட்டர்!

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை 5 மணிக்கு ஊரப்பாக்கத்தில் ஜி.எஸ்.டி. சாலை ஓரமாக நின்று பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். தென் மாவட்டங்களிலிருந்து ராத்திரி முழுக்க ஓடிவந்த பேருந்துகள், தூங்கி வழியும் பயணிகளுடன் கிளாம்பாக்கத்தை நோக்கி விரையும். எதிர்த் திசையில், செங்கல்பட்டுப் பக்கமாக, பின்னால் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டு சைக்கிள்கள் போகும். தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர் என்று வழியெல்லாம் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்ட கூட்டம் அது. ஐ.டி. பையன்கள் இருப்பார்கள், பேரன் எடுத்தவர்களும் இருப்பார்கள்.

ஊரப்பாக்கத்துக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. வீட்டு வாசலில் ஆரம்பித்து, போன வழியே திரும்பாமல், ஒரு வட்டம் அடித்து வீட்டுக்கே வந்துவிடலாம். கூடுவாஞ்சேரி, மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோவில், செங்கல்பட்டு. அங்கிருந்து இடப்பக்கம் திரும்பினால் திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம். பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே கோவளம். அங்கிருந்து கேளம்பாக்கம், வண்டலூர், மறுபடி ஊரப்பாக்கம். மொத்தம் சுமார் 100 கிலோமீட்டர். ஏரி, மலை, கடல், உப்பளம் எல்லாம் ஒரே காலையில்.

இந்த வட்டத்தில் எல்லோரும் பயப்படுவது லாரிக்கு. அடுத்தபடியாகப் பயப்பட வேண்டியது கெண்டைக்காலுக்கு.

கெண்டை மீன் மாதிரித் திரண்டிருப்பதால்தான் அந்தப் பெயர். பிடித்துக்கொள்ளும்போது பார்த்தால் பெயர் எவ்வளவு பொருத்தம் என்பது புரியும். தோலுக்கடியில் மீன் துள்ளுவது போல சதை உருண்டு கல்லாகிவிடும். பழைய அகராதிகள் குரக்குவலி என்கின்றன. டாக்டர்கள் தசைப்பிடிப்பு என்கிறார்கள். வீட்டில் நாம் சொல்வது, நரம்பு இழுத்துக்கிச்சு. உண்மையில் இழுத்துக்கொள்வது தசைதான். வீட்டுக் கட்டிலில் வந்தால் ஒரு நிமிட அலறலோடு போய்விடும். பெடலோடு ஷூவை மாட்டிக்கொள்ளும் ரகத்தில் ஓட்டுபவருக்கு, பக்கத்தில் டிப்பர் லாரி போகும்போது வந்தால்? காலை விடுவிக்க முடியாமல் அப்படியே சாய வேண்டியதுதான். அதனால்தான் இதைச் சாதாரண வலி என்று விட்டுவிட முடியாது.

தப்பு நடப்பது செங்கல்பட்டுக்கு முன்னால்

இந்த வட்டத்தில் கால் பிடிப்பது பெரும்பாலும் கடைசி 30, 40 கிலோமீட்டரில். ஆனால் அதற்கான காரியம் நடப்பது முதல் 25 கிலோமீட்டரில்.

ஊரப்பாக்கத்திலிருந்து செங்கல்பட்டு வரை சாலை பெரும்பாலும் சமதளம், அகலம். விடியற்காலைக் குளிர்ச்சி. கால்கள் புதுசு. பக்கத்தில் போகிற கூட்டம் வேகமாகப் போகும், நாமும் விடமாட்டோம். மகிந்திரா சிட்டி, பரனூர் சுங்கச்சாவடி எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். கொளவாய் ஏரி வெயிலில் மின்னத் தொடங்கும்போது, கையில் கட்டிய கடிகாரம் காட்டும் சராசரி வேகத்தைப் பார்த்து மனசு நிறையும். அங்கேதான் கடன் வாங்கியாகிவிட்டது. வசூலிக்க ஆள் கோவளத்தில் காத்திருக்கும்.

இது வெறும் அனுபவப் பேச்சு இல்லை. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த அயர்ன்மேன் போட்டியில் கலந்துகொண்ட 210 பேரைத் தொடர்ந்து கவனித்து, மார்ட்டின் ஷ்வெல்னஸ் என்ற தென்னாப்பிரிக்க விளையாட்டு மருத்துவரின் குழு 2011-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. கால் பிடித்தவர்களுக்கும் பிடிக்காதவர்களுக்கும் உடலில் நீர் குறைந்த அளவிலோ, ரத்தத்தின் சோடியத்திலோ சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. வித்தியாசம் இரண்டு விஷயங்களில் இருந்தது. பிடித்தவர்கள் வேகமாகப் போயிருந்தார்கள். முன்பும் அவர்களுக்குப் பிடித்திருந்தது.

களைத்துப்போன தசைக்குச் 'சுருங்கு' என்று சொல்லும் நரம்புச் செய்தி கூடிவிடுகிறது, 'போதும், தளர்ந்துகொள்' என்று சொல்லும் செய்தி குறைந்துவிடுகிறது என்பது இவர்கள் தரும் விளக்கம். ஏற்கெனவே சுருங்கிய நிலையில் இருக்கும் தசையை மேலும் சுருக்கினால் ஆபத்து அதிகம். நுனிக்காலை ஊன்றி மிதிப்பவர்களுக்குக் கெண்டைக்கால் பிடிப்பது இதனால்தான். சீட் உயரமாக இருந்தால் கால் எட்டாமல் பாதம் தானாகவே கீழே வளையும். ஆகவே கிளம்புவதற்கு முந்தின நாளே ஒரு சோதனை: சீட்டில் உட்கார்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வையுங்கள். முட்டி நேராக நீள வேண்டும். அப்புறம் முன்பாதத்தால் மிதிக்கும்போது முட்டியில் லேசான மடிப்பு தானாக வந்துவிடும். இடுப்பு இரண்டு பக்கமும் ஆடினால் சீட்டை இறக்குங்கள். புது ஷூ, புது சீட் இவற்றுக்கெல்லாம் 100 கிலோமீட்டர் பயணம் சோதனைக்களம் இல்லை.

கனமான கியரில் அழுத்தி மிதிப்பதும் அதே கணக்குதான். லேசான கியரில், நிமிடத்துக்கு 80 சுற்று அளவில் கால் சுழன்றுகொண்டிருந்தால் தசைக்கு ஒவ்வொரு மிதியிலும் பாரம் குறையும். செங்கல்பட்டு வரை பக்கத்தில் வருபவரோடு மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகம் போதும். வேகமாகப் போகிற கூட்டம் போகட்டும். அவர்களில் சிலரை கேளம்பாக்கத்தில் சந்திக்கலாம், சாலையோரம் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

செங்கல்பட்டில் ஒரு முடிவு எடுக்க வேண்டும். அதுவரை ரயில் பாதை கூடவே வருகிறது, அசந்தால் திரும்பிவிடலாம். திருக்கழுக்குன்றம் சாலையில் இறங்கிவிட்டால் ரயிலும் கிடையாது. தொடையில், கெண்டைக்காலில் லேசாகத் துடிக்கிற மாதிரி இருந்தால், அதுதான் முன்னறிவிப்பு. அங்கே வண்டியைத் திருப்புவதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை.

கழுகுமலையில் ஏறாதீர்கள், இன்றைக்கு மட்டும்

திருக்கழுக்குன்றம் சாலைதான் இந்த வட்டத்தின் அழகான பகுதி. போக்குவரத்து குறையும், வயலும் சிறு குன்றுகளும் தொடங்கும். தூரத்திலேயே வேதகிரீஸ்வரர் மலைக்கோயில் தெரியும். இரண்டு கழுகுகள் உச்சிவேளையில் வந்து பிரசாதம் உண்ட கதையால் பட்சி தீர்த்தம் என்று பேர் பெற்ற ஊர். மலைக்கு ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள். 'இவ்வளவு தூரம் வந்துட்டோம், மேலே போய் ஒரு கும்பிடு போட்டுட்டு வந்துடலாமே' என்று தோன்றும். 40 கிலோமீட்டர் மிதித்த கெண்டைக்காலைப் படியேற வைத்து, மறுபடி 60 கிலோமீட்டர் மிதிக்கச் சொல்வது நியாயமில்லை. கீழே இருக்கும் பக்தவத்சலேஸ்வரர் கோயிலில் கும்பிட்டுவிட்டு, மலைக்கு இன்னொரு நாள் குடும்பத்தோடு வரலாம்.

மாமல்லபுரத்தில் காலை டிபன். அர்ச்சுனன் தபசுச் சிற்பத்தில் ஒற்றைக் காலில் நின்று தவம் செய்பவரையும், அவரைப் பார்த்து நிற்கும் பூனையையும் பார்க்கும்போது, இவர்களுக்குக் கால் பிடிக்கவே இல்லையா என்று தோன்றாமல் இருக்காது. தட்டு நிறைய பொங்கலும் வடையும் சாப்பிட்டால் தூக்கம் வரும். இட்லி நல்லது. அதற்கும் முன்னால், கிளம்பிய முதல் மணியிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டு வந்திருக்க வேண்டும். நீண்ட நேரம் ஓட்டுபவருக்கு மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து தேவை. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 25 கிராம் இருக்கிறது. கூடவே ஒரு கடலை மிட்டாய் போதும். பசித்த தசை சீக்கிரம் களைக்கும், களைத்த தசை பிடிக்கும்.

இனி வடக்கே. சைக்கிளுக்கு ஏற்ற காலம் என்று எல்லோரும் சொல்கிற டிசம்பர், ஜனவரியில் கடற்கரைச் சாலையில் காற்று வடகிழக்கிலிருந்து வீசும். அதாவது முகத்துக்கு நேராக. கோவளம் வரை சுமார் 20 கிலோமீட்டரும் மேடே இல்லாத மலையேற்றம். செங்கல்பட்டில் வாங்கிய கடனுக்கு வட்டி கட்டும் இடம் இது. கியரைக் குறைத்து, உடம்பைத் தாழ்த்தி, ஒருவர் பின் ஒருவராக முறை மாற்றிப் போவதுதான் வழி. கோடையில் கடல்காற்று முதுகுப் பக்கமிருந்து உதவும், ஆனால் வெயில் கொன்றுவிடும். கத்திரியில் இந்த வட்டம் வேண்டவே வேண்டாம்.

உப்பளத்தின் நடுவே உப்புக் கணக்கு

கோவளத்திலிருந்து கேளம்பாக்கம் போகிற வழியில் இரண்டு பக்கமும் உப்பங்கழி, உப்பளப் பாத்திகள். கால் பிடித்து நிற்பவர்கள் அதிகம் இருக்கும் பகுதியும் இதுதான் என்பது விதியின் விளையாட்டு. நின்றவரைச் சுற்றி நாலு பேர் கூடுவார்கள். நாலு பேரும் ஒரே குரலில் சொல்வது: "உப்பு கம்மியாயிடுச்சு!"

அந்த நம்பிக்கைக்கு வரலாறு உண்டு. 1930-களில் அமெரிக்காவில் ஹூவர் அணை கட்டியபோது, பாலைவன வெயிலில் வேலை செய்தவர்கள் தசைப்பிடிப்பில் சுருண்டார்கள். ஹார்வர்டு ஆய்வாளர்கள் அங்கே போய்ப் பார்த்து, வியர்வையில் உப்பை இழந்ததைக் கண்டார்கள். உப்பு கொடுத்ததும் குணம் தெரிந்தது. மணிக்கணக்காகக் கொட்டிக் கொட்டி வியர்ப்பவர்களுக்கு அது இன்றைக்கும் பொருந்தும். காய்ந்த பனியனில் வெள்ளைக் கோடு படிகிறதா, நீங்கள் அந்த ரகம். ஆனால் எல்லாப் பிடிப்புக்கும் உப்பைக் காரணம் சொல்ல முடியாது. உடம்பு முழுவதும் ஓடுகிற ரத்தத்தில் உப்பு குறைந்திருந்தால் வலது கெண்டைக்கால் மட்டும் ஏன் பிடிக்க வேண்டும்? கடுமையாக உழைத்த தசைதானே பிடிக்கிறது!

2010-ல் கெவின் மில்லர் குழு ஒரு வேடிக்கையான சோதனை செய்தது. மின்சாரத்தால் தூண்டிக் கால் தசையில் பிடிப்பை வரவழைத்து, சிலருக்கு வெள்ளரிக்காய் ஊறுகாயின் புளித்த உப்பு நீரையும் சிலருக்கு வெறும் தண்ணீரையும் கொடுத்தார்கள். ஊறுகாய் நீர் குடித்தபோது சராசரியாக 85 விநாடியில் பிடிப்பு விட்டது, தண்ணீருக்கு 134 விநாடி ஆனது. அவ்வளவு சீக்கிரத்தில் உப்பு குடலைத் தாண்டி தசைக்குப் போய்ச் சேர முடியாது. தொண்டையில் பட்ட புளிப்பு, நரம்பு வழியாகச் செய்தி அனுப்பித் தசையைத் தளர்த்தியிருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். நம் வீட்டு ஜாடியில் மாவடு மிதக்கிற தண்ணீருக்கும் அந்தக் குணம் இருக்குமா? சோதித்துப் பார்க்க ஊரப்பாக்கத்தில் ஆளுக்குப் பஞ்சம் இருக்காது.

மெக்னீசியம் மாத்திரையும் பலர் பையில் இருக்கிறது. முதியோரின் பிடிப்புக்குக்கூட அது பெரிதாக உதவ வாய்ப்பில்லை என்று 2020-ல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு சொன்னது. உடற்பயிற்சியில் வரும் பிடிப்புக்கு அதை முறையாகச் சோதித்த ஆய்வு எதுவும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. இளநீர் அருமையான பானம், ஆனால் அதில் இருப்பது பெரும்பாலும் பொட்டாசியம், சோடியம் குறைவு. அதற்கு உப்புப் போட்ட நீர்மோர் மேல். ஒரு பாட்டிலில் மோர் அல்லது ஓ.ஆர்.எஸ்., இன்னொன்றில் வெறும் தண்ணீர் என்று வைத்துக்கொண்டு, தாகத்துக்குக் குடித்தால் போதும். பயத்தில் லிட்டர் கணக்கில் வெறும் தண்ணீர் குடிப்பது ரத்தத்தில் சோடியத்தை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும். ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் கூடுதல் உப்பில் கை வைக்கக் கூடாது. நீர் பிரிவதற்கான மாத்திரை, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அடிக்கடி கால் பிடித்தால் அதையும் அவரிடம் சொல்ல வேண்டும்.

பிடித்தேவிட்டதா? சாலையை விட்டு விலகி இறங்குங்கள். முட்டியை நேராக நீட்டி, கால் விரல்களை உங்களை நோக்கி இழுத்துப் பிடியுங்கள். பிடிப்பு தளரும் வரை விட வேண்டாம். பிறகு மெதுவாக நீவிவிடலாம். விட்டதுமே ஏறி மிதித்தால் மறுபடி பிடிக்கும். ஐந்து நிமிடம் நடந்துவிட்டு, லேசான கியரில் தொடங்குங்கள்.

கேளம்பாக்கம் தாண்டினால் வண்டலூர் வரை மிச்சம் 18 கிலோமீட்டர் சொச்சம். வழியில் மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் வரும். அங்கே படிக்கிறவர்களுக்குத் தெரிந்த பாடம்தான்: தசை எதற்குப் பழகுகிறதோ அதை வலிக்காமல் செய்யும். தினமும் கேரியரில் பால் கேன் கட்டி மிதிப்பவர் கால் பிடித்து உட்கார்ந்து யாராவது பார்த்திருக்கிறோமா?

ஆகவே முதல் ஞாயிறே முழு வட்டம் வேண்டாம். சிங்கப்பெருமாள் கோவில் போய்த் திரும்பினால் 30 கிலோமீட்டர். இரண்டு, மூன்று வாரம் கழித்து செங்கல்பட்டு, போக வர 50. அடுத்து திருக்கழுக்குன்றம் வரை போய்த் திரும்பினால் 80-ஐ நெருங்கும். அதன்பிறகு வட்டம். பயணம் முடிந்து இரண்டு மூன்று நாள் கழித்தும் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, வலித்துக்கொண்டே இருந்தாலோ, சிறுநீர் கறுப்பு காபி நிறத்தில் போனாலோ அது பிடிப்பு இல்லை, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வட்டம் பழகியவர்களுக்கு அடுத்து பிரவே இருக்கிறது. பாரிஸின் ஆடாக்ஸ் கிளப் விதிப்படி நடக்கும் நெடுந்தூர சைக்கிள் பயணம் அது. 200 கிலோமீட்டருக்கு 13 மணி 30 நிமிடம் கொடுக்கிறார்கள். முதலில் வந்தவருக்கும் கடைசி நிமிடத்தில் வந்தவருக்கும் ஒரே மரியாதைதான், வேகத்துக்குப் பரிசு கிடையாது.