ஏறி இறங்கிய குழாய்



பிழைப்பிற்காகப் பட்டணத்தில் குடியிருந்துகொண்டு, சொந்த ஊரில் தொலைபேசியின் மூலமாகவே வீடு கட்டி முடித்தவர் உங்களில் பலர் இருப்பீர்கள். நானும் அவர்களில் ஒருவன். அதில் நான் செய்த தவறு ஒன்றை மறைக்காமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையிலுள்ள எங்கள் கிராமத்தில், வயது முதிர்ந்த என் தாயாருக்காக ஒற்றை மாடி வீடொன்றைக் கட்டினேன். 1956 நவம்பர் 1-இல் மாநில எல்லை வகுக்கப்பட்டபோது விளவங்கோடு அப்பக்கமும் நெய்யாற்றின்கரை இப்பக்கமுமாகப் பிரிந்தன. ஆயினும் வேலைக்கு வருகிறவர்களுக்கு எல்லை ஏது? கொத்தனார் களியக்காவிளையிலிருந்து வந்தார், பிளம்பர் பாறசாலைக்காரர்.

மூட்டுவலியினால் வருந்தும் அம்மாவுக்கு அதிகாலையில் வெந்நீர் இல்லாமல் முடியாது. விறகடுப்பில் காய்ச்சி, குளியலறை வரை சுமந்து செல்வார்கள். இனி அது வேண்டாம் என்று எண்ணி, மொட்டைமாடியில் சூரிய வெப்பத்தால் இயங்கும் நூறு லிட்டர் வெந்நீர்க் கருவியை வைக்கத் தீர்மானித்தேன்.

பிளம்பர் இரண்டு காரியங்களை வற்புறுத்தினார். குளிர்நீர்த் தொட்டியின் மேடை ஏழடி உயரம் இருக்க வேண்டும். வெந்நீர்க் குழாய் தரையை ஒட்டிச் சரிவாகவே இறங்கிச் செல்ல வேண்டும். நானோ சென்னையிலிருந்துகொண்டு, "மேடை ஐந்தடி போதும், செலவு கூடுகிறது. வாசற்படியில் குழாய் வந்தால் கால் தடுக்கும், மாடிக் கதவுக்கு மேலே கொண்டு போங்கள்" என்றேன். "ஐயா, குழாய் ஏறி இறங்கினால் காற்று நிற்கும்" என்றார் அவர். "நான் சொன்னபடி செய்யுங்கள், தம்பி" என்று முடித்துவிட்டேன்.

வேலை முடிந்தது. முதல் வாரம் வெந்நீர் வந்தது. பிறகு இருமிக்கொண்டு வந்தது, பிறகு நின்றது. நான் பிளம்பரைக் கடிந்துகொண்டு, அவருக்குக் கொடுக்க வேண்டிய எட்டாயிரம் ரூபாயை நிறுத்தி வைத்தேன். அம்மாவிடம் கேட்டபோதெல்லாம், "எல்லாம் சரியா இருக்கு மக்களே" என்றே சொன்னார்கள். உண்மையில் அவர்கள் மறுபடியும் விறகடுப்புக்கே திரும்பியிருந்தார்கள். ஒருநாள் ஈரத்தரையில் வழுக்கி, வெந்நீர் காலில் கொட்டிவிட்டது. அச்செய்தி கேட்டே நான் ஊருக்குப் புறப்பட்டேன்.

மாடியில் ஏறிப் பார்த்தபோது காரணம் கண்முன்னே நின்றது. கதவின் மேல் சென்ற குழாயின் உயரம் ஏழடி. ஐந்தடி மேடையில் நின்ற நாலடித் தொட்டியில் நீர் பாதியானால், நீர்மட்டமும் அதே ஏழடிதான். தன் மட்டத்திற்கு மேலே நீர் தானாக ஏறுமா? தொட்டி நிறைந்திருந்தாலோ, இரண்டடி நீரின் அழுத்தமே அதைத் தள்ளும். நீர் சூடாகும்போது அதில் கரைந்துள்ள காற்று வெளிப்பட்டு, குழாயின் மேட்டில் தங்கி வழியை அடைத்துவிடும். அந்தச் சிறிய அழுத்தத்தால் அதை வெளியே தள்ள இயலாது. குளிர்நாடுகளில் வீட்டையே வெந்நீர்க் குழாய்களால் சூடாக்குகிறவர்களுக்கும் இதே தொல்லை உண்டு. லண்டனிலுள்ள நம்மவரைக் கேட்டுப் பாருங்கள்: ரேடியேட்டரின் கீழ்ப்பாகம் சூடாகவும் மேற்பாகம் குளிர்ந்தும் இருந்தால், உள்ளே காற்று நிற்கிறதென்று அறிந்து, சிறிய சாவியினால் திறந்து அதை வெளியேற்றுவார்கள்.

அதே பிளம்பரை அழைத்தேன். அவர் மறுக்காமல் வந்தார். மேடையை இரண்டடி உயர்த்தினோம். வாசற்படியை வெட்டிக் குழாயை அதன் கீழே சரிவாகப் பதித்தார். வெந்நீர்க் குழாய் தொடங்கும் இடத்தில் காற்றுப்போக்கிக் குழாய் ஒன்றைச் செங்குத்தாக நிறுத்தி, அதன் வாய் குளிர்நீர்த் தொட்டியின் நீர்மட்டத்தைவிட உயர்ந்திருக்கும்படி செய்தார். மாலைக்குள் வெந்நீர் தடையின்றி வந்தது.

வாசகரே, நீங்களும் இவ்வேலையைச் செய்விப்பீர்களானால் சிலவற்றைக் கவனியுங்கள். வெந்நீருக்குச் சாதாரண பி.வி.சி. குழாய் ஆகாது, ஏறக்குறைய 45 டிகிரிக்கு மேல் அதை நம்பக்கூடாது. கோடையில் இக்கருவியின் நீர் 80 டிகிரியை எட்டக்கூடும், ஆகவே சி.பி.வி.சி. குழாயையே கேளுங்கள். நம் வெட்டுக்கல் நிலத்துக் கிணற்று நீரில் அமிலத்தன்மை சற்று மிகுதி. இரும்புக் குழாயை அது அரித்துவிடும். சுவரைப் பூசுவதற்கு முன் குழாய்களில் நீரை நிரப்பி, கைப்பம்பினால் அழுத்தம் கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். குழாய் செல்லும் வழிகளைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முதியோர் இருக்கும் வீட்டில், முதலில் தண்ணீரைத் திறந்து, பிறகு வெந்நீரைக் கலக்கும் பழக்கம் நல்லது.

இவையெல்லாம் எந்த நல்ல பிளம்பரும் சொல்லக்கூடியவையே. எனக்கும் சொல்லப்பட்டது, நான்தான் கேட்கவில்லை. அன்று மாலை எட்டாயிரத்தையும் புதிய கூலியையும் அவர் கையில் வைத்து, "தம்பி, தவறு என்னுடையது, மன்னித்துவிடுங்கள்" என்றேன். அவர் பணத்தை எண்ணவில்லை. "அம்மா கால் எப்படி இருக்கு ஐயா?" என்று மட்டும் கேட்டார்.

புண் ஆறிவிட்டது, தழும்பு இருக்கிறது. ஊருக்குப் போகும்போதெல்லாம் அதைப் பார்க்கிறேன். உங்கள் வீட்டுக் கட்டுமானத்திலும், சொன்னதைக் கேளாமல் கூலி நிறுத்தி வைத்த ஒருவர் இருக்கிறாரா? இருந்தால், இந்த மாதமே அவரைத் தேடிச் செல்லுங்கள்.