துடைப்பம் இருந்தது, சிரிப்புதான் இல்லை

ராத்திரி ஒன்றரை மணி வரை கண் விழித்துப் படித்த புத்தகம் இப்படிக் காலை வாரும் என்று நினைக்கவில்லை. அட்டையில் துடைப்பமும் கறுப்புப் பூனையும். அதைப் பார்த்துத்தான் ஏமாந்தேன்.

கதை நடப்பது சேலத்தில். மாம்பழச் சேலம் இல்லை, அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலம். பேக்கரி நடத்தும் மூன்று சூனியக்காரிகள், ஒரு கொலை, சாட்சி சொல்ல ஒரு பேய். கொலைகாரன் யாரென்று நாற்பதாம் பக்கத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. மந்திரம் படித்த மூவருக்கும் அது தெரிய முந்நூறு பக்கம் ஆனது.

நடுவில் 1692-இல் அங்கே சூனியக்காரிகளை எரித்ததாக ஒரு ஜோக் வேறு. யாரையும் எரிக்கவில்லை ஐயா! 19 பேரைத் தூக்கில் போட்டார்கள், அதில் 5 பேர் ஆண்கள். நீதிமன்றத்தில் வாய் திறக்க மறுத்த கிழவர் ஜைல்ஸ் கோரியைக் கல்லேற்றி நசுக்கினார்கள். இன்று அதே ஊர் போலீஸ் வண்டியில் துடைப்பத்தில் பறக்கும் சூனியக்காரிதான் சின்னம். இதைவிடக் கறுப்பு நகைச்சுவை வேண்டுமா? ஆசிரியர் கண்ணில் படவே இல்லை.

டெர்ரி பிராட்செட்டின் 'விர்ட் சிஸ்டர்ஸ்' (1988) நாவலில் வரும் சூனியக்காரி கிரானி வெதர்வாக்ஸ் மந்திரத்தை முடிந்தவரை தொடமாட்டாள். எதிராளியின் மனசைப் படித்தே காரியம் சாதிப்பாள். இங்கே விரலைச் சொடுக்கினால் பூட்டு திறக்கிறது. அப்புறம் என்ன மர்மம்?

இரண்டாம் பாகமும் வந்திருக்கிறதாம். பூனைக்காக வாங்கலாமா என்று யோசனை.