உலகின் வால்நுனியில் – 9: நன்றி சொல்லிக் கெட்டேன்

அர்ஜென்டினப் படகோனியாவின் தென்கோடி ஊரான ரியோ கிராண்டேயின் காற்றில் தொப்பி போனது; டாக்சியில் பணம் போனது. 11 கிலோமீட்டருக்கு டாக்சிக்காரர் வாங்கியதை ரூபாயில் கணக்குப் பார்க்க இன்னும் தைரியம் வரவில்லை.

டான் பாஸ்கோ பள்ளியில் படித்தவன் நான். படகோனியா என்ற பெயரை முதலில் கேட்டதே நீதிபோதனை வகுப்பில்தான்: பாதிரியார் டான் பாஸ்கோ கனவில் கண்ட தேசம். அவருடைய சபையினரான சலேசியர்கள் 1875-ல் அர்ஜென்டினாவுக்குக் கப்பலேறினார்கள். 1906-ல் தஞ்சாவூர் வந்ததும் அதே சபைதான். அந்தச் சபையின் ஃபான்யானோ பாதிரியார் 1893-ல் இந்த மண்ணின் பூர்வகுடிகளான செல்க்நாம் மக்களுக்காகத் தொடங்கிய லா கண்டெலாரியா மிஷன் இப்போது மியூசியம். டாக்சி பிடித்து வந்தது அதைப் பார்க்கத்தான்.

டிக்கெட் கொடுத்த அம்மாள், நான் நடுங்குவதைப் பார்த்து மாத்தே நீட்டினார். சுரைக்குடுக்கையில் கசப்புத் தழை, வெந்நீர், ஓர் உலோகக் குழல். அதே குழலில் அவர் உறிஞ்சியதை அப்போதுதான் பார்த்தேன். எச்சில்! பாட்டி பார்த்திருந்தால் தலை முழுகச் சொல்லியிருப்பாள். கண்ணை மூடிக் குடித்தேன். காது வரை சூடு ஏறியது. "கிராசியாஸ்" என்று குடுக்கையைத் திருப்பிக் கொடுத்தேன். அடுத்த சுற்று எனக்கு வரவே இல்லை. மாத்தேக்கு நன்றி சொன்னால் 'போதும்' என்று அர்த்தமாம்.

மிஷன் வந்த கதை இது: வெளியூர் ஆட்டுப்பண்ணைக்காரர்கள் வந்து இந்தப் புல்வெளிக்கு வேலி போட்டார்கள். குவானாக்கோ என்ற ஒட்டக இன விலங்கை வேட்டையாடி வாழ்ந்த செல்க்நாம்கள் ஆட்டை 'வெள்ளை குவானாக்கோ' என்று அடித்துத் தின்றார்கள். பண்ணைக்காரர்கள் ஆள் வைத்துச் சுட்டார்கள்; அறுத்து வந்த காதுக்குக் கூலி கொடுத்தார்கள். 1886-ல் அர்ஜென்டின அதிகாரி ராமோன் லிஸ்டாவின் படை சான் செபாஸ்டியனில் செல்க்நாம்களைச் சுட்டுத் தள்ளியபோது, கூடப் போயிருந்த ஃபான்யானோ எதிர்த்துப் பேசினார். அதனால் மிஷன் அடைக்கலம்தான்; பொய்யில்லை. ஆனால் வெட்டவெளியில் திரிந்தவர்களை ஒரே இடத்தில் குடிவைத்து, சட்டை மாட்டி, கம்பளி நூற்கவைத்தார்கள். தட்டம்மையும் காசநோயும் துப்பாக்கி விட்டுவைத்தவர்களைத் தேடி வந்தன. இதே சபை சிலியின் டாசன் தீவில் 1889-ல் தொடங்கிய இன்னொரு மிஷனை 1911-ல் மூடிவிட்டார்கள். அதற்குள் ஆள் அருகிவிட்டது.

சாலைக்கு எதிர்ப்புறம் கல்லறை. மரச் சிலுவைகள். நீதிபோதனை வகுப்பில் கனவோடு நிறுத்திவிட்டார்கள்.

வருகைப் பதிவேட்டில் பழக்கதோஷத்தில் 'நன்றி' என்று எழுதப் போனேன். குடுக்கை ஞாபகம் வந்தது. ஊர்ப் பெயரை மட்டும் எழுதிவிட்டு, டாக்சி கூப்பிடாமல் காற்றோடு நடந்தேன்.