ஆயா சுற்றிய மின்னாக்கி

மோட்டாருக்கு இடக்கை, மின்னாக்கிக்கு வலக்கை! பிளெமிங்கின் விதிகளைப் படித்த மாணவியர், தேர்வு அறையில் மூன்று விரல்களையும் முறுக்கிக்கொண்டு விழிப்பதைக் கண்டு மேற்பார்வையாளர்களே சிரித்ததுண்டு. பாடநூலில் இவை இரண்டும் தனித்தனிப் பக்கங்களில் இருக்கின்றன. உண்மையில் இரண்டும் ஒரே இயந்திரம்தான். மின்சாரம் கொடுத்தால் சுற்றும். சுற்றினால் மின்சாரம் கொடுக்கும். இதை ஜவ்வாது மலைவாசிகளாகிய எங்கள் பெற்றோருக்குக் காட்ட வேண்டும் என்று, பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் அறிவியல் கண்காட்சிக்கு ஆயத்தமானோம்.

ஆலங்காயத்தில் ஒரு பழைய இரும்புக் கடையில், காரின் ரேடியேட்டர் விசிறியைச் சுழற்றும் மோட்டார் ஒன்று கிடைத்தது. 12 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் ஓடுவது. பழைய சைக்கிள் ஒன்றைத் தலைகீழாகக் கட்டி நிறுத்தி, பின்சக்கரத்துக்கும் மோட்டாருக்கும் நாடா மாட்டினோம். மிதிக்கட்டையைக் கையால் சுற்றினால் சக்கரமும் மோட்டாரும் சுழலும்.

அதனுள் என்ன இருக்கிறது? காந்தத் துருவங்களுக்கு நடுவே கம்பிச்சுருள். சுருளில் மின்னோட்டம் பாய்ந்தால் அதன் ஒரு பக்கம் மேலேயும் மறு பக்கம் கீழேயும் தள்ளப்பட, சுருள் திரும்புகிறது. அரைச்சுற்று ஆனதும் இரு பக்கங்களும் இடம் மாறிவிடும். மின்னோட்டமும் திசை மாறாவிட்டால் சுருள் முன்னும் பின்னும் ஆடி நின்றுவிடும். அதற்காகத்தான் சுருளின் முனைகளில் பிளந்த வளையம். வளையத்தின் மீது கரித்தூரிகைகள் உராய்ந்துகொண்டே இருக்க, ஒவ்வோர் அரைச்சுற்றிலும் இணைப்பு மாறுகிறது. மின்னாக்கியிலும் இதே வளையம், சுருளில் மாறி மாறிப் பிறக்கும் மின்னோட்டத்தை வெளியே ஒரே திசையில் ஓடவிடுகிறது. (சைக்கிள் டைனமோவில் இந்த வளையம் கிடையாது. ஆகவே அது தருவது மாறுதிசை மின்னோட்டம்!)

சுற்றினால் மின்சாரம் பிறக்கும் என்பதை மைக்கேல் பாரடே 1831இல் கண்டறிந்தார். ஆனால் மின்னாக்கியே மோட்டாராகவும் உழைக்கும் என்பதை உலகம் கண்கூடாகக் கண்டது 1873இல், வியன்னா பொருட்காட்சியில்தான். அங்கே கிராம் என்பவருடைய மின்னாக்கி ஒன்று ஓடிக்கொண்டிருக்க, அதன் கம்பிகளை மற்றொன்றில் இணைத்ததும், அந்த இரண்டாவது இயந்திரம் தானே சுழலத் தொடங்கியது.

வீட்டுக்கு வருவது மாறுதிசை மின்சாரமாயிற்றே, இந்த மோட்டாருக்கு இனி என்ன வேலை என்று கேட்கலாம். இதன் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் எளிது. நம் மலையிலேயே காவலூரில், 1986இல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கியை எண்ணிப் பாருங்கள். பூமி மணிக்கு 15 பாகை சுழல்வதால், விண்மீனை விடாமல் பார்க்கத் தொலைநோக்கியும் அதே அளவு மெதுவாக, சீராக நகர வேண்டும். இத்தகைய நுட்பமான வேலைகளுக்கு நேர்மின்னோட்ட மோட்டார்கள் உலகெங்கும் பயன்பட்டு வந்திருக்கின்றன.

கண்காட்சி அன்று எங்கள் தோழி ஒருத்தியின் ஆயா, ஜமுனாமரத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்தார். சாமையைத் திரிகையில் அரைத்து வளர்ந்த கை. "நான் சுத்தட்டுமா?" என்று கேட்டு, எங்களை விலக்கிவிட்டுச் சுற்றினார். பல்பை இணைக்காதபோது சக்கரம் காற்றாய்ச் சுழன்றது. நாங்கள் இணைப்பைக் கொடுத்தோம். பல்பு எரிந்தது, ஆயாவின் கை தயங்கியது. இரண்டாவது பல்பையும் இணைத்ததும் நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்.

"என்னா கண்ணு, வெறுங்கல்லு சுத்தினேன், நீங்க தானியம் போட்டாப்புல கனக்குதே!"

லென்ஸ் விதிக்கு இதைவிட நல்ல விளக்கத்தை நாங்கள் எந்த நூலிலும் படித்ததில்லை. பல்பு வழியே மின்னோட்டம் பாயும்போது, அதே மின்னோட்டம் சுருளில் எதிர்விசையை உண்டாக்கிச் சுழற்சியைத் தடுக்கிறது. வெளிச்சம் கூடக்கூடக் கை அதிகம் உழைக்க வேண்டும்.

மறு பாதியையும் காட்டினோம். பல்புகளைக் கழற்றிவிட்டு, ஒரு பாட்டரியை இணைத்ததும் சக்கரம் தானே சுழன்றது. புறப்படும்போது உயர்ந்த அம்மீட்டர் முள், வேகம் பிடித்ததும் இறங்கியது. சுழலும் மோட்டார் தனக்குள்ளேயே ஓர் எதிர்மின்னழுத்தத்தை உண்டாக்கிக்கொள்வதே காரணம். துணியால் சக்கரத்தை அழுத்தினோம். வேகம் குறைந்தது, முள் மறுபடி ஏறியது. சுமை கூடினால் மோட்டாரும் கூடுதலாகக் கேட்கிறது! அடியோடு நின்றுபோன மோட்டார் கருகுவதும் இதனால்தான்.

சிஸ்டர் கரும்பலகையில் ஒரு கணக்குப் போட்டார். ஒருவர் 50 வாட் வீதம் இடைவிடாது சுற்றினாலும், ஒரு யூனிட் மின்சாரம் உண்டாக்க 20 மணி நேரம் ஆகும். 500 வாட் மிக்ஸி அதை இரண்டு மணி நேரத்தில் தீர்த்துவிடும். ஆயா விரல்விட்டு எண்ணினார். "அப்போ விடியுறதுக்கு முன்னே எழுந்து நான் அரைச்சதெல்லாம் எத்தனை யூனிட்டு?" என்றார். சிஸ்டர் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துவிட்டார். அந்தக் கணக்கை எங்களில் எவரும் போடவில்லை.

சைக்கிள் இப்போது ஆய்வுக்கூடத்தின் மூலையில் இருக்கிறது. கரித்தூரிகைகள் பாதி தேய்ந்துவிட்டன. அடுத்த ஆண்டுச் சகோதரிகள் புதிதாக இரண்டு வாங்கி மாட்டிக்கொள்வார்களாக.