கோப்புக்குள் இருந்த எண்

என் கட்சிக்காரருக்குத் திருநின்றவூரில் வீடு; வேலை பெரும்பாலும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில். பாட்டில் நிரப்பும் லைனில் மூடி எங்கோ சிக்கும், பிரஸ் மெஷினில் தகடு நழுவும். ஓடுகிற வேகத்தில் கண்ணுக்கு எதுவும் பிடிபடாது. இவர் அதிவேக கேமராவில் நொடிக்கு 1,000 படம் எடுத்து, அதை 25 படமாக ஓட்டிக் காட்டுவார். ஒரு நொடி 40 நொடியாக நீளும். கோளாறு எங்கே என்று அங்கே நிற்கும் ஃபோர்மேனே கைகாட்டிவிடுவார். மைத்துனர் விளக்குப் பிடிப்பார். இருவருக்கும் அதுதான் பிழைப்பு.

அதுவரை வாடகைக் கேமரா. 2021இல் வங்கிக் கடன் வாங்கி, பெங்களூரில் பழைய கருவிகள் விற்கும் ஒரு கடையில் சொந்தமாகவே ஒன்று வாங்கினார். விலை பேசும் முன்பே கடைக்காரர் வாட்ஸ்அப்பில் இரண்டு மூலக் கோப்புகளுக்கு இணைப்பு அனுப்பி, “இந்தக் கேமராவில் எடுத்தது” என்றும் எழுதியிருந்தார். கடையில் பத்து நிமிடம் போல ஓட்டிக் காட்டினார்கள். படம் பளிச்சென்று இருந்தது.

தொழிற்சாலையில் அரைமணி நேரம் ஓடியதும் படம் முழுக்க செங்குத்துக் கோடுகள். இந்த வகைக் கேமராவில் சென்சார் சூடேறினால் இரைச்சல் கூடும். லென்ஸை மூடி, முழு இருட்டை ஒருமுறை பதியவைத்து அதைச் சரிசெய்வது வழக்கம். இவரும் செய்தார். கோடுகள் திரும்பத் திரும்ப வந்தன. கடைக்காரரோ, “பழைய சாமான், உள்ளது உள்ளபடின்னு பில்லிலேயே போட்டிருக்கு” என்று முடித்துக்கொண்டார்.

2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வாங்கியவர் தாம் வசிக்கும் இடத்திலேயே புகார் தரலாம். அதனால் திருவள்ளூர் மாவட்ட ஆணையத்தில் மனு போட்டோம். பழைய சட்டமாக இருந்தால் பெங்களூருக்கு அலைந்திருப்பார், அல்லது விட்டிருப்பார்.

எதிர்த்தரப்பு முதலில் எடுத்தது 1995ஆம் ஆண்டின் லக்ஷ்மி இன்ஜினியரிங் தீர்ப்பை. கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட்டிடம் இயந்திரம் வாங்கிய நிறுவனம், வணிகத்துக்காக வாங்கியதால் நுகர்வோர் அல்ல என்று உச்ச நீதிமன்றம் சொன்ன வழக்கு அது. ஆனால் தொழில் வழக்கு நடத்தும் வக்கீல்கள் அந்தத் தீர்ப்பை முழுதாகப் படிக்க வேண்டும். பிழைப்புக்காக ஆட்டோ வாங்கித் தானே ஓட்டுகிறவர் நுகர்வோர்தான், கூட ஓரிருவர் உதவிக்கு இருந்தாலும் நுகர்வோர்தான் என்று அதே தீர்ப்பு சொல்கிறது. மைத்துனரின் விளக்கு எங்களுக்கு எதிராகவில்லை.

அடுத்த வாதம் கனமானது. பொருள் விற்பனைச் சட்டம் 1930, பிரிவு 16: வாங்குபவர் சோதித்துப் பார்த்திருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்கு விற்பவர் பொறுப்பல்ல. “பார்த்துத்தானே வாங்கினார்?” என்று கேட்டார்கள். எங்கள் பதில், பத்து நிமிடத்தில் தெரியக்கூடிய குறை அல்ல இது என்பது. ஆணையம் கேமராவைத் தொழில்நுட்பச் சோதனைக்கு அனுப்பியது. சூடான பிறகே கோடுகள் வருகின்றன என்று அறிக்கை வந்தது. அதோடு நின்றிருந்தால், கடைக்காரர் தமக்கே தெரியாமல் விற்றார் என்று சொல்ல இடமிருந்திருக்கும்.

ஒரு மாலை என் அலுவலகத்தில், கடைக்காரர் அனுப்பியிருந்த மூலக் கோப்புகளைக் கேமராத் தயாரிப்பாளரின் மென்பொருளில் திறந்து காட்டிக்கொண்டிருந்தார் கட்சிக்காரர். எடுத்த நேரம், படவேகம் எல்லாம் கோப்பிலேயே பதிவாகியிருக்கும். படித்துக்கொண்டே வந்தவர், “சார், சீரியல் நம்பர் நம்மளுது இல்லையே” என்றார். கேமராவின் அடித்தகட்டைப் பார்த்தோம், பில்லைப் பார்த்தோம். இரண்டிலும் ஒரே எண். கோப்பில் வேறு எண். விற்ற கேமராவில் அந்தப் படங்கள் எடுக்கப்படவே இல்லை.

நுகர்வோர் ஆணையத்தில் சாட்சியச் சட்டம் வரிக்கு வரி கட்டாது. இருந்தும் மின்னணு ஆவணங்களுக்கு அந்தச் சட்டம் அப்போது கேட்ட 65பி சான்றிதழோடுதான் அந்தக் கோப்புகளைத் தாக்கல் செய்தேன். ஆட்சேபத்துக்கு இடம் வைக்க விரும்பவில்லை. “அதே மாடல்தான், மாதிரிக்குக் காட்டினோம்” என்றார்கள். வாட்ஸ்அப் செய்தியில் “இந்தக் கேமராவில்” என்று இருந்தது. மோசடிப் புகார் என்றால் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போங்கள் என்ற வாதமும் எடுபடவில்லை. பொருளின் தரத்தைப் பொய்யாகச் சொல்வது நியாயமற்ற வணிக நடைமுறை என்று நுகர்வோர் சட்டமே வரையறுக்கிறது. இல்லாத தரத்தை இருப்பதாகக் காட்டி விற்றவரை “உள்ளது உள்ளபடி” என்ற வரி காப்பாற்றாது என்று வாதிட்டேன். ஆணையம் ஏற்றுக்கொண்டது. கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கட்டிய பணத்தை வட்டியோடு பெற்றுக்கொள்ள உத்தரவு வந்தது.

கைநழுவிய வேலைகளுக்கான நஷ்டஈட்டை மட்டும் மறுத்துவிட்டார்கள். எழுத்து மூலமான ஒப்பந்தம் இல்லையாம். முந்தைய ஆண்டின் வங்கிக் கணக்கும் தொழிற்சாலைகளிலிருந்து வந்த அழைப்புகளின் பட்டியலும் தந்திருந்தோம். லைன் நின்றுபோன மேனேஜர் ஃபோனில்தான் கூப்பிடுவார், ஒப்பந்தம் தட்டச்சு செய்துகொண்டிருக்க மாட்டார். அந்த மறுப்பு தவறு என்றே இன்றும் நினைக்கிறேன். மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்ய 45 நாள் இருந்தது. நான் வற்புறுத்தினேன். “வேணாம் சார், பணம் வந்துட்டா அடுத்த கேமராவைப் பார்க்கணும்” என்றார். அடுத்ததை ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டிப் பார்த்து, சீரியல் எண்ணைக் கோப்போடும் பில்லோடும் ஒப்பிட்ட பிறகே பணம் கொடுத்தார்.