லேவினைத் தாண்டியவன்

டால்ஸ்டாயின் 'அன்னா கரீனினா'வைப் படித்துவிட்டேன் என்று பல வருடம் சொல்லித் திரிந்தேன். பொய். அன்னா வரும் அத்தியாயங்களைத்தான் படித்திருந்தேன். நாவலின் இன்னொரு நாயகனான பண்ணைக்காரன் லேவின் புல் அறுக்கக் கிளம்பினால் பக்கத்தைத் தள்ளிவிடுவேன். பண்ணைக் கூலியாட்களைப் பற்றி யோசிக்க உட்கார்ந்தாலும் அதே கதிதான். அன்னாவின் பெயர் மறுபடி கண்ணில் படும்வரை விரல் ஓயாது.

எட்டு பாக நாவலில் இருவரும் நேரில் பேசிக்கொள்வது ஒரே ஒரு தடவை, ஏழாம் பாகத்தில். அன்னா இருந்த புண்ணியத்தால் அதைப் படித்தேன். முதலில் அவளுடைய ஓவியத்தின் முன் லேவின் சொக்கி நிற்கிறான். பிறகு அவளே வருகிறாள். அவன் வீடு திரும்பியதும் மனைவி கிட்டி அழுகிறாள். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. முதல் பாகத்து நடன விருந்தில் அன்னாவால் நொறுங்கிய அந்தப் பெண் எப்படித் தேறினாள், லேவினிடம் எப்படி வந்து சேர்ந்தாள் என்பதையெல்லாம் தாண்டி வந்தவனுக்கு அந்த அழுகை எப்படிப் புரியும்?

அன்னா ரயிலில் விழுந்து சாவதோடு புத்தகத்தை மூடிவிட்டேன். அதோடு நிற்காமல், ஓர் இலக்கியக் கூட்டத்தில் லேவினை வெட்டியிருந்தால் நாவல் கச்சிதமாக இருந்திருக்கும் என்றும் பேசினேன். "அப்போ அந்தக் கயிறு?" என்று ஒரு வாசகர் கேட்டார். புரிந்தவன்போலச் சிரித்து வைத்தேன்.

கயிறு எட்டாம் பாகத்தில் இருக்கிறது. மனைவி, குழந்தை, நிலம் எல்லாம் வாய்த்த லேவின், தூக்குப் போட்டுக்கொண்டுவிடுவோமோ என்ற பயத்தில் கயிற்றை ஒளித்து வைக்கிறான். துப்பாக்கியோடு வெளியே போகவும் அஞ்சுகிறான். அன்னா விழுந்த பள்ளத்தின் விளிம்பில்தான் இவனும் நின்றிருக்கிறான். இரண்டு கதைகளும் சேர்வது அந்த ஓவியத்தின் முன்னால் அல்ல, இங்கேதான்.

சாக்குச் சொல்ல எனக்கு ஒரு பெரிய மனிதர் உண்டு. 1875 முதல் நாவலைத் தொடராகப் போட்ட பத்திரிகை ஆசிரியர் கட்கோவ், 1877இல் எட்டாம் பாகத்தை மறுத்துவிட்டார். நாயகியின் மரணத்தோடு கதை முடிந்ததாக ஒரு குறிப்புப் போட்டார். டால்ஸ்டாய் அதைத் தனி நூலாக வெளியிட வேண்டியதாயிற்று. ஆனால் கட்கோவுக்கு, செர்பியப் போருக்குப் போன தொண்டர்களை டால்ஸ்டாய் எழுதிய விதத்தில் கோபம். எனக்கு வெறும் சோம்பல்.

பிற்பாடு முதலிலிருந்து படித்தேன். ஆறாம் பாகத்து மாகாணப் பிரபுக்களின் தேர்தலை மட்டும் மறுபடியும் தள்ளிவிட்டேன். லேவினும் அன்னாவின் காதலன் விரான்ஸ்கியும் அங்கே சந்தித்துக்கொள்கிறார்களாம்.